ஐ பாண்ட்: பழையதை வைத்திருப்பதா, விற்றுப் புதியது வாங்குவதா?

2022-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு, தனிநபர்களுக்கு விற்கும் தன் சேமிப்புப் பத்திரமான ஐ பாண்டுக்கு 9.62 சதவீத வட்டி அறிவித்தது. அங்கே வங்கிச் சேமிப்புக் கணக்கில் ஒரு சதவீதம் கிடைப்பதே அரிதாக இருந்த நேரம். முதலீடு என்றாலே ஒதுங்கிப் போகிறவர்கள்கூட அதை விற்கும் அரசு இணையதளமான ட்ரெஷரி டைரக்டில் கணக்குத் தொடங்கினார்கள். அந்த வட்டியைப் பிடிக்கக் கடைசி நாளான அக்டோபர் 28 அன்று கூட்டம் தாங்காமல் அந்தத் தளம் திணறியது.

அப்புறம் அதே பாண்டின் வட்டி 6.48 ஆனது, 3.38 ஆனது, ஒரு கட்டத்தில் 1.90 வரை இறங்கியது. ‘ஆசை காட்டி ஏமாற்றிவிட்டார்கள்’ என்று ஒரு பேச்சு. ‘புது பாண்டுக்கு அதிகம் தருகிறார்களாமே, பழையதை விற்று அதில் போட்டுவிடலாமா’ என்று இன்னொரு பேச்சு. இரண்டுக்கும் காரணம் ஒரே குழப்பம்தான். ஐ பாண்டின் வட்டி என்று நாம் பார்க்கும் எண் உண்மையில் இரண்டு எண்களின் கூட்டு. மறுமுதலீடு செய்வதா என்ற கேள்விக்கு அந்த இரண்டில் ஒன்றுதான் பதில் சொல்லும். மற்றது இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை வெறும் இரைச்சல்.

நெல்லாகக் கடன் கொடுத்தால்

காசுப் புழக்கம் குறைவாக இருந்த காலத்தில் நம் ஊர்களில் நெல்லைக் கடனாகக் கொடுத்து நெல்லாகவே திரும்ப வாங்கும் வழக்கம் உண்டு. ஒருவர் பத்துக் கலம் நெல் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம் (கலமும் மரக்காலும் பழைய நெல் அளவைகள், மரக்கால் சிறியது). அடுத்த அறுவடைக்குப் பத்துக் கலமும், மேலே ஒரு மரக்காலும் வர வேண்டும் என்பது பேச்சு. இடையில் நெல் விலை இரண்டு மடங்கு ஆனாலும் அவருக்குக் கவலை இல்லை. கொடுத்தது பத்துக் கலம், வந்ததும் பத்துக் கலம். அவருடைய லாபம் அந்த ஒரு மரக்கால் மட்டும்தான்.

அதே மனிதர் பத்துக் கலத்தின் விலையைப் பணமாகக் கொடுத்து, 5 சதவீத வட்டியோடு திரும்ப வாங்கியிருந்தால்? அதற்குள் நெல் விலை 8 சதவீதம் ஏறியிருந்தால், கையில் பணம் கூடியிருக்கும், ஆனால் அதைக் கொண்டு பழையபடி பத்துக் கலம் வாங்க முடியாது.

சாதாரண வைப்புத்தொகை எல்லாம் இந்த இரண்டாம் வகை. ஐ பாண்ட் முதல் வகை. விலைவாசி எவ்வளவு ஏறியதோ அவ்வளவையும் சேர்த்துத் தந்து பத்துக் கலத்தைப் பத்துக் கலமாகவே வைத்திருக்கும் பகுதிக்குப் பணவீக்க வட்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மேலே வரும் மரக்காலுக்கு நிலை வட்டி. பணவீக்க வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். நிலை வட்டி நீங்கள் வாங்கிய நாளில் எதுவோ, அதுவே 30 ஆண்டுக்கும். அதை அரசு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

2022 மே மாதத்து 9.62-ல் மரக்கால் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். முழுக்க முழுக்கப் பணவீக்க வட்டிதான். விலைவாசி அவ்வளவு ஏறியிருந்தது, அதை ஈடுகட்டினார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. பிறகு பணவீக்கம் இறங்கியது, வட்டியும் இறங்கியது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பாண்ட் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

எண் எப்படி உருவாகிறது

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை மாதந்தோறும் நகர்ப்புற நுகர்வோருக்கான விலைக் குறியீடு ஒன்றை வெளியிடுகிறது. வீட்டு வாடகை, சாப்பாடு, பெட்ரோல், மருத்துவம் என்று ஒரு சராசரிக் குடும்பம் செலவழிக்கும் கூடையின் விலையை அது அளக்கிறது. 2021 செப்டம்பரில் அது 274.310. 2022 மார்ச்சில் 287.504. ஆறு மாதத்தில் 4.81 சதவீத ஏற்றம். அதை ஆண்டுக் கணக்காக்க இரண்டால் பெருக்கினால் 9.62. அந்தப் பிரபலமான எண் வந்த வழி இதுதான்.

ஆண்டுக்கு இரண்டு முறை, மே 1 அன்றும் நவம்பர் 1 அன்றும், புதிய பணவீக்க வட்டி அறிவிக்கப்படும். மே மாத அறிவிப்பு செப்டம்பரிலிருந்து மார்ச் வரையான விலையேற்றத்தைக் காட்டும். நவம்பர் அறிவிப்பு மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரையானதை. ஆக, எப்போதும் கொஞ்சம் பழைய செய்திதான். அதே நாளில், அன்று முதல் விற்கும் புது பாண்டுகளுக்கு நிலை வட்டி எவ்வளவு என்பதையும் அரசு அறிவிக்கும்.

2025 நவம்பர் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். நிலை வட்டி 0.90. ஆறு மாதப் பணவீக்கம் 1.56, இரு மடங்காக்கினால் 3.12. இரண்டையும் சேர்த்தால் 4.02, சிறு கூட்டல் திருத்தம் ஒன்று உண்டு, அதோடு 4.03 சதவீதம். 2026 ஏப்ரல் வரை வாங்குகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் இந்த வட்டி.

விலைவாசி ஏறாமல் இறங்கினால்? 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் அப்படி நடந்தது. 2009 மே அறிவிப்பில் ஆறு மாதப் பணவீக்கம் மைனஸ் 2.78. அந்த அரையாண்டில் ஐ பாண்டுகளுக்கு வட்டியே வரவில்லை, ஆனால் சேர்ந்திருந்த பணத்தில் ஒரு சென்டும் குறையவில்லை. மொத்த வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. விலை இறங்கும்போது தொகை நிற்கிறது என்றால், உண்மையில் அதன் வாங்கும் சக்தி கூடுகிறது. இந்த ஒரு சலுகையைப் பலர் கவனிப்பதில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வட்டியில் இரண்டு பகுதி. பணவீக்கப் பகுதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும், விலைவாசியை ஈடுகட்டும். நிலைப் பகுதி மாறாது, லாபம் அதில்தான்.

ஒப்பிட வேண்டியது எதை?

முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பணவீக்கப் பகுதி எல்லா ஐ பாண்டுக்கும் ஒன்றே. 1998-ல் முதன்முதலாக விற்றதற்கும் நேற்று விற்றதற்கும் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு பாண்டுக்கும் அது போய்ச் சேரும் மாதம் மட்டும் வேறுபடும். மே மாதத்தில் வாங்கியதற்கு மே, நவம்பரில் வட்டி மாறும். அக்டோபரில் வாங்கியதற்கு ஏப்ரல், அக்டோபரில் மாறும். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரரின் பாண்ட் இன்று ஒரு வட்டி தர, உங்களுடையது வேறு வட்டி தருகிறது. சில மாதம் பொறுத்தால் அதே எண் உங்களுக்கும் வந்துவிடும்.

ஒரு உதாரணம். 2024 நவம்பரில் விற்ற பாண்டின் வட்டி 3.11. 2025 மே மாதத்தில் விற்றதற்கு 3.98. எது நல்ல பாண்ட்? பார்த்தவுடன் இரண்டாவது என்றுதான் தோன்றும். ஆனால் முதலாவதன் நிலை வட்டி 1.20, இரண்டாவதன் நிலை வட்டி 1.10. 3.98-ல் இருந்த கூடுதல் பணவீக்கப் பகுதி, ஆறு மாதம் கழித்து முதல் பாண்டுக்கும் வந்து சேர்ந்தது. 3.11-ஐ விற்று 3.98 வாங்கியவர், நல்லதைக் கொடுத்துவிட்டு அதைவிட மட்டமானதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

எனவே ‘இப்போது என்ன வட்டி’ என்று கேட்காதீர்கள். ‘என் பாண்டின் நிலை வட்டி எவ்வளவு, புதியதன் நிலை வட்டி எவ்வளவு’ என்று கேளுங்கள். வாங்கிய மாதம் தெரிந்தால் போதும்:

- 2020 மே முதல் 2022 அக்டோபர் வரை: 0
- 2022 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை: 0.40
- 2023 மே முதல் அக்டோபர் வரை: 0.90
- 2023 நவம்பர் முதல் 2024 அக்டோபர் வரை: 1.30
- 2024 நவம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை: 1.20
- 2025 மே முதல் அக்டோபர் வரை: 1.10
- 2025 நவம்பர் முதல் 2026 ஏப்ரல் வரை: 0.90

1.10 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் 0.90 பாண்டுக்கு மாற எந்தக் காரணமும் இல்லை. 2000-ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை வாங்கியவர்களிடம் 3.60 நிலை வட்டி இருக்கிறது. இன்று வரை அதுதான் உச்சம். அப்படி ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடந்தால் 2030-ல் முதிர்வு வரும் வரை தொடவே தொடாதீர்கள். முதிர்ந்த பிறகு வட்டி நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

யோசிக்க வேண்டியவர்கள் பூஜ்யக்காரர்கள். அதாவது 9.62 மோகத்தில் வாங்கிய பெரும் கூட்டம்.

மாறுவதற்கு ஆகும் செலவு

விதிகள் சில உண்டு. வாங்கி 12 மாதம் ஆகும் வரை பாண்டைப் பணமாக்க முடியாது. ஐந்து ஆண்டுக்குள் பணமாக்கினால் கடைசி மூன்று மாத வட்டியை விட்டுக்கொடுக்க வேண்டும். இதை அபராதம் என்பார்கள். ஒருவர் ஒரு காலண்டர் ஆண்டில் 10,000 டாலருக்கு மேல் வாங்க முடியாது. வருமான வரித் திரும்பப்பெறுதலைக் கொண்டு கூடுதலாகக் காகித பாண்ட் வாங்கும் வழி முன்பு இருந்தது. 2025-லிருந்து அதுவும் இல்லை.

2022 மே மாதத்தில் ஒருவர் 10,000 டாலருக்கு வாங்கினார். 2025 நவம்பர் தொடக்கத்தில் அது சுமார் 11,650 டாலராக வளர்ந்திருக்கும். அப்போது விற்றால் மூன்று மாத வட்டியாக ஏறக்குறைய 80 டாலர் போகும், கையில் 11,570 வரும். இதில் 1,570 டாலர் வட்டி வருமானம். 22 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்குச் சுமார் 345 டாலர் வரி. மிச்சம் 11,220-க்குச் சற்று மேலே. அதில் 10,000-ஐ மட்டுமே புது பாண்டில் போட முடியும்.

வரவு என்ன? 0.90 நிலை வட்டியால் ஆண்டுக்கு 90 டாலர் கூடுதல். அபராதத்தை மீட்கவே ஏறக்குறைய 11 மாதம் ஆகிறது. புது பாண்டும் முதல் ஒரு வருடம் பூட்டித்தான் இருக்கும், அதையும் ஐந்து ஆண்டுக்குள் விற்றால் இன்னொரு மூன்று மாத வட்டி போகும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் என்றால் இந்த மாற்றம் வீண் அலைச்சல். பத்து, பதினைந்து ஆண்டு தொடப் போவதில்லை என்றால் லாபம்தான், ஆனால் யாரையும் பணக்காரராக்கும் லாபம் இல்லை.

அந்த 345 டாலர் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. அது மாறுவதால் வந்த செலவு இல்லை. என்றைக்கு விற்றாலும் வரி கட்டித்தான் ஆக வேண்டும். இப்போது கட்டுகிறீர்களா, பிறகு கட்டுகிறீர்களா என்பதுதான் வித்தியாசம். ஓய்வு பெற்ற பின் வருமானம் குறைந்து வரி விகிதமும் இறங்கும் என்றால் தள்ளிப்போடுவதில் பயன் உண்டு.

என் கருத்தில், பூஜ்ய பாண்டை விற்கும் முன் ஒன்று பார்க்க வேண்டும்: கையில் வேறு பணம் இருக்கிறதா? இருந்தால் இந்த ஆண்டின் 10,000 வரம்பை அந்தப் பணத்தால் நிரப்புங்கள். பழையதை ஐந்து ஆண்டு முடியும் வரை விட்டுவைத்தால் அபராதமே இல்லாமல் வெளியேறலாம். 2022 மே மாதத்தில் வாங்கியதற்கு 2027 மே மாதத்தில் அந்த நாள் வருகிறது. வரம்பு சிறியதாக இருப்பதால், ஐ பாண்டில் ஏற்கெனவே இருக்கும் இடமே ஒரு சொத்து மாதிரி. ஒருமுறை வெளியே எடுத்த பணத்தை மொத்தமாக உள்ளே கொண்டுவர வழி இல்லை.

வேறு எங்கே போடலாம்?

மறுமுதலீடு என்றால் ஐ பாண்டிலிருந்து ஐ பாண்டுக்குத்தான் என்று சட்டமா என்ன? இரண்டு மாற்றுகளைப் பார்க்கலாம்.

ஒன்று, டிப்ஸ். 1997-லிருந்து அமெரிக்க அரசு விற்கும் இன்னொரு பணவீக்க பாண்ட். இதிலும் பத்துக் கலம் பத்துக் கலமாகவே இருக்கும். ஆனால் மரக்கால் எவ்வளவு என்பதை அரசு தீர்மானிப்பதில்லை, சந்தை தீர்மானிக்கிறது. பணவீக்கம் போக மிஞ்சும் இந்த வட்டிக்கு உண்மை வட்டி என்று பெயர். 2024, 2025 ஆண்டுகளில் 10 ஆண்டு டிப்ஸின் உண்மை வட்டி ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவே இருந்தது. அதாவது ஐ பாண்டைவிட அதிகம். 10,000 டாலர் வரம்பும் கிடையாது. ஓய்வூதியக் கணக்குகளுக்குள்ளேயே வாங்கி வைக்கலாம்.

அப்படியானால் ஐ பாண்ட் எதற்கு? டிப்ஸின் விலை தினமும் ஏறி இறங்கும். 2022-ல், பணவீக்கம் உச்சத்தில் இருந்த அதே ஆண்டில், வெவ்வேறு முதிர்வுக் காலம் கொண்ட டிப்ஸ்களைக் கலந்து வைத்திருந்த பெரிய ஃபண்டுகள் 10 சதவீதத்துக்கு மேல் நட்டம் காட்டின. பணவீக்கத்திலிருந்து காக்கும் என்று வாங்கியவர்களுக்கு அதிர்ச்சி. சந்தை வட்டி ஏறியதால், குறைந்த வட்டி தரும் பழைய பாண்டுகளின் விலை விழுந்தது, அதுதான் காரணம். முதிர்வு வரை வைத்திருந்தால் பேசிய உண்மை வட்டி கிடைத்துவிடும்; நடுவில் விற்க நேர்ந்தால் அன்றைய விலைதான். ஐ பாண்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. தவிர, டிப்ஸில் பணவீக்கத்தால் கூடும் தொகைக்கு, கைக்கு வராவிட்டாலும், ஆண்டுதோறும் வரி உண்டு. ஐ பாண்டில் விற்கும் வரை வரியைத் தள்ளிப்போடலாம்.

இரண்டு, சிடி எனப்படும் வங்கி வைப்புத்தொகை. நம் ஊர் பிக்சட் டெபாசிட்தான். 4 சதவீத சிடி கிடைக்கிறது என்று வைப்போம். 0.90 நிலை வட்டி ஐ பாண்டோடு ஒப்பிட ஒரு கழித்தல் போதும்: 4-லிருந்து 0.9 போனால் 3.1. பணவீக்கம் ஆண்டுக்கு 3.1-ஐத் தாண்டினால் ஐ பாண்ட் ஜெயிக்கும், அதற்குக் கீழே இருந்தால் சிடி. உங்கள் பாண்டின் நிலை வட்டி பூஜ்யம் என்றால், பணவீக்கம் 4-ஐத் தாண்டினால்தான் அது ஜெயிக்கும்.

இதில் நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதும் சேரும். ஐ பாண்ட் வட்டிக்கு மத்திய வரி மட்டுமே, மாநில வரி கிடையாது. சிடி வட்டிக்கு இரண்டும் உண்டு. கலிஃபோர்னியாவில் 9.3 சதவீத மாநில வரி கட்டுகிறவருக்கு 4 சதவீத சிடி ஏறக்குறைய 3.6 ஆகச் சுருங்குகிறது. மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸில் இருப்பவருக்கு 4 என்பது 4 தான். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கும் நண்பருக்குச் சரியாக வரும் கணக்கு டெக்சாஸின் டல்லாஸில் இருப்பவருக்குத் தவறாகலாம்.

ஆக: நிலையான விலை வேண்டும், தொகை சிறியது, மாநில வரி அதிகம் என்றால் ஐ பாண்ட். பெரிய தொகை, ஓய்வூதியக் கணக்கு, நீண்ட காலம் என்றால் டிப்ஸ். ஓரிரு ஆண்டில் செலவாகப் போகும் பணம் என்றால் சிடி.

‘பணவீக்கத்திலிருந்து முழுப் பாதுகாப்பு’ என்பது உண்மையா?

ஐ பாண்டைப் பற்றி அப்படிச் சொல்வது முக்கால்வாசி உண்மை. வரியைச் சேர்த்துப் பார்த்தால் ஓட்டை தெரியும். நிலை வட்டி பூஜ்யமாக இருக்கும் பாண்ட், 3 சதவீதப் பணவீக்கத்துக்கு 3 சதவீத வட்டி தருகிறது. அந்த ஈட்டுத்தொகைக்கும் வரி உண்டு. 22 சதவீதம் போனால் மிச்சம் 2.34. பத்துக் கலம் பத்துக் கலமாகத் திரும்பவில்லை, ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் சிந்திப் போகிறது. அந்தச் சிந்தலை அடைக்கத்தான் நிலை வட்டி தேவைப்படுகிறது. 3 சதவீதப் பணவீக்கத்தில், இதே வரி வரம்பில், ஏறக்குறைய 0.85 நிலை வட்டி இருந்தால்தான் வரிக்குப் பிறகும் கணக்கு சமன் ஆகும். பூஜ்ய பாண்டை நீண்ட காலம் சுமப்பதில் எனக்கு விருப்பம் இல்லாததற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, குறியீடு அளப்பது அமெரிக்க நகர்ப்புறச் சராசரியை. குழந்தைகள் காப்பகக் கட்டணமும், மே மாத விடுமுறைக்குச் சென்னை போகும் விமான டிக்கெட்டும் உங்கள் செலவில் பெரும்பகுதி என்றால், உங்கள் வீட்டுப் பணவீக்கம் வேறு. ஊருக்கே திரும்பிவிடும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஐ பாண்ட் டாலரில், அமெரிக்க விலைவாசியை ஈடுகட்டுகிறது. கோயம்புத்தூரில் வீட்டு வாடகை ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நடுவில் ரூபாய் மதிப்பு வேறு இருக்கிறது. பணமாக்கும்போது அமெரிக்க வங்கிக் கணக்கும் தேவைப்படும், எனவே திரும்பும் முன் எல்லாக் கணக்குகளையும் மூடிவிட வேண்டாம்.

‘நம் ஊரில் இப்படி எதுவும் இல்லையா’ என்று கேட்பவர்களுக்கு: 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி நுகர்வோர் விலைக் குறியீட்டோடு 1.5 சதவீதம் சேர்த்துத் தரும் பத்தாண்டுச் சேமிப்புப் பத்திரம் ஒன்றை விற்றது. வரவேற்பு இல்லாமல் அது தொடரவில்லை. இப்போது கிடைக்கும் ரிசர்வ் வங்கியின் மிதக்கும் வட்டிப் பத்திரம் தேசிய சேமிப்புப் பத்திர வட்டியோடு கட்டப்பட்டது, விலைவாசியோடு அல்ல.

விற்பது என்று முடிவானால்

எந்த மாதத்தில் விற்கிறீர்கள் என்பதில் கொஞ்சம் காசு இருக்கிறது. அபராதம் கடைசி மூன்று மாத வட்டி என்பதால், வட்டி குறைவாக இருக்கும் அரையாண்டில் மூன்று மாதம் கடந்த பின் விற்றால் இழப்பு குறைவு. 2022 அக்டோபரில் வாங்கிய பாண்டுக்கு 1.90 சதவீத அரையாண்டு 2025 ஏப்ரலில் தொடங்கியது. அந்த ஜூலையில் விற்றவர்கள் 1.90 விகிதத்தில்தான் மூன்று மாத வட்டியை இழந்தார்கள். அடுத்த அரையாண்டில் மூன்று மாதம் கடந்து விற்றிருந்தால் 2.86 விகிதத்தில் போயிருக்கும்.

வட்டி மாதத்தின் முதல் நாளில் சேரும். எனவே விற்பதை மாதத் தொடக்கத்தில் செய்யுங்கள். 28-ஆம் தேதி விற்றால் அந்த மாதம் முழுக்கச் சும்மா போகும். வாங்குவது நேர்மாறு: மாதக் கடைசியில் வாங்கினாலும் அந்த மாத வட்டி முழுதாக உண்டு. கடைசி நாள் வரை இழுக்காமல் நாலைந்து நாள் முன்பாகவே வாங்கிவிடுவது நல்லது.

ஐந்து ஆண்டு ஆகாத பாண்டுக்கு ட்ரெஷரி டைரக்ட் காட்டும் தொகை அபராதத்தைக் கழித்த தொகைதான். ‘மூன்று மாதமாக வட்டியே ஏறவில்லையே’ என்று புதிதாக வாங்கியவர்கள் பதறுவதும் இதனால்தான். அங்கே தெரிவதிலிருந்து இன்னொரு முறை அபராதத்தைக் கழிக்க வேண்டாம். விற்ற ஆண்டுக்கான வரிப் படிவம் அடுத்த ஜனவரியில் அதே தளத்தில் ஏறும். தபாலில் வரும் என்று காத்திருக்காமல் நீங்களே உள்ளே போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.